தற்காப்பு உரிமை யாருக்கு? வீட்டுக்குள் நிகழும் கொலைகளும் நமது மௌனமும்

 

சில வாரங்களுக்கு முன் மஃரிபுக்குப் பிந்தைய மதரஸா வகுப்பில் பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஹஜ்ரத், எங்க அத்தா கட்டிலுக்கு அடியில அரிவாள் வச்சிருக்காங்க. திருடன் வந்தா வெட்டலாமாம். மார்க்கத்துல கூடுமா?" என்று கேட்டான். அவனுடைய தந்தை விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அந்த வாரம் நகரில் நடந்த ஒரு கொலைச் செய்தி, படத்தோடும் கூடுதல் கற்பனையோடும், செல்லூரின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதன் அடியில் யாரோ ஒருவர், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆயுதம் இருக்க வேண்டும், சட்டமும் தீனும் அனுமதித்த உரிமை இது என்று எழுதி அனுப்பியிருந்தார். அதையும் பலர் பகிர்ந்திருந்தனர். அந்தத் தந்தையின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுத் தறியின் முன் விடிய விடிய நிற்கும் மனிதருக்கு அச்சம் வருவது இயல்பு.

நாம் பதில் சொல்லத் தொடங்குமுன் பின்வரிசையிலிருந்து மற்றொரு மாணவன் கேட்டான். "திருடன் இல்லாம அத்தாவே அம்மாவை அடிச்சா, ஹஜ்ரத்?"

பிள்ளைகளில் சிலர் சிரித்தார்கள். கேட்டவன் சிரிக்கவில்லை.

முதல் கேள்விக்குப் பதில் அன்றே நம்மிடம் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு, இன்ஷா அல்லாஹ் அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம். இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நாம், ஒரு சிறுவனின் கேள்வியைத் தள்ளிவைத்ததை எண்ணி வெட்கப்பட்டோம். அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. நாளொன்றுக்கு 78. தமிழகத்தில் அவ்வாண்டு 1,690. கொலைக்கான காரணங்களையும் அந்த அறிக்கை பிரித்துக் காட்டுகிறது. தகராறுகளால் நிகழ்ந்தவை 9,962. சொந்தப் பகை, பழிவாங்கல் ஆகியவற்றால் 3,761. ஆதாயத்துக்காக, அதாவது பணத்துக்கும் பொருளுக்கும் ஆசைப்பட்டுச் செய்தவை 1,884. நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. நம் வாட்ஸ்அப் குழுக்கள் நடுங்கும் அந்த முகமூடித் திருடன், நள்ளிரவில் சுவரேறிக் குதிப்பவன், இந்தச் சிறு பகுதிக்குள்தான் எங்கோ இருக்கிறான். தகராறு என்ற தலைப்பின் கீழ் வருபவர்களோ நிலத்துக்காகவும் குடும்பச் சண்டைக்காகவும் கடனுக்காகவும் வாய்ச்சண்டை முற்றியும் கொல்பவர்கள். பெரும்பாலும் பெயர் தெரிந்தவர்கள். கதவைத் தட்டினால் நாமே திறந்துவிடக்கூடியவர்கள்.

இந்தக் கணக்கில் சேராத இன்னொரு கணக்கு உண்டு. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் வரதட்சணைக் கொடுமையால் இயற்கைக்கு மாறாக இறக்கும் பெண்களின் மரணம் கொலைப் பட்டியலில் வராது. அதற்குத் தனிப் பிரிவு, தனி எண்ணிக்கை. அதே 2022-இல் 6,450 வழக்குகள். பெண்களுக்கு எதிராக அவ்வாண்டு பதிவான 4,45,256 குற்றங்களில் நூற்றுக்கு 31-க்கும் மேற்பட்டவை கணவனாலும் அவன் உறவினராலும் இழைக்கப்பட்ட கொடுமை என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் வருகின்றன. இவை காவல் நிலையம் வரை போனவை. போகாதவற்றை அறிய வீடு வீடாகச் சென்று கேட்ட தேசியக் குடும்பநல ஆய்வைத்தான் பார்க்க வேண்டும். அதன் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழகத்தில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான அளவு 29. படித்த மாநிலம், முன்னேறிய மாநிலம் என்று நாம் பெருமை பேசும் இடத்தில் நிலைமை இது. உலகளவிலும் வேறுபாடு இல்லை. 2023-இல் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர் என்றும், அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றவர்கள் கணவரோ துணைவரோ குடும்பத்தாரோ என்றும் ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது.

ஆக, வீட்டில் தற்காப்பு என்று பேசத் தொடங்கினால் யாரிடமிருந்து என்று முதலில் கேட்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் அரிவாள் வைப்பவர் வாசலைப் பார்த்துப் படுக்கிறார். கணக்கோ வீட்டின் உள்ளே பார்க்கச் சொல்கிறது.

திருடன் பற்றிய கேள்விக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை இடம்பெற்றுள்ளன. எண் மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பொருளையும் காக்கலாம். எதிராளியின் உயிர் போகும் அளவுக்குச் செல்லும் உரிமையோ சில நிலைகளில்தான் உண்டு. 41-ஆம் பிரிவின்படி கொள்ளை, சூரியன் மறைந்து உதிக்கும் வரையிலான நேரத்தில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் ஆகியவை அத்தகையவை. வெறும் திருட்டோ அத்துமீறி நுழைதலோ ஆனால், உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தாக வேண்டும். கொடியில் காயும் கைலியை எடுத்தவனை வெட்டிவிட்டுத் தற்காப்பு என்று எவரும் சொல்ல முடியாது. காவல்துறையின் பாதுகாப்பைப் பெற நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும். ஓடுபவனைக் குலமங்கலம் சாலை வரை துரத்திச் சென்று வெட்டுவது கொலை வழக்கில்தான் முடியும். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றையெல்லாம் தொகுத்துரைத்தது. ஆபத்தின் உச்சத்தில் நிற்பவன் ஒவ்வோர் அடியையும் தராசில் நிறுத்துப் போடுவான் என எதிர்பார்க்கலாகாது என்றும், அதே வேளையில் இவ்வுரிமை பழிதீர்ப்பதற்கானது அன்று என்றும் சொன்னது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இன்னும் நுணுக்கமாகப் பேசியிருக்கின்றன என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தன் பொருளையோ உயிரையோ குடும்பத்தையோ காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் வருகிறது. பயான்களில் அடிக்கடி கேட்கும் ஹதீஸ் இது. இதோடு நிறுத்திக்கொள்வதுதான் நாம் செய்யும் பிழை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் ஸாயில், அதாவது பாய்ந்து வந்து தாக்குபவனைத் தடுப்பது பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள். எளியதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அங்கு விதி. பேச்சாலோ உதவிக்குக் குரல் கொடுத்தோ தடுக்க முடிந்தால் அடிப்பது ஹராம். கையால் முடிந்தால் சாட்டை கூடாது. சாட்டை போதுமென்றால் தடி கூடாது. தப்பித்து ஓட வழியிருந்தால் ஓடுவதே கடமை என்பது அங்குள்ள வலுவான கருத்து. நம் மதுரையில் ஹனஃபீகளும் ஷாபிஈகளும் கலந்து வாழ்கிறோம். கிளைச் சட்டங்களில் கருத்து வேறுபாடு இருக்கலாம். தேவைக்கு மேல் போகாதே என்ற அடிப்படையில் வேறுபாடு இல்லை.

அதே பாடத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. பொருளைக் காக்கப் போராடுவது கட்டாயம் இல்லை, விட்டுவிடலாம். மானத்தின் மீது கை வைப்பவனைத் தடுப்பதோ கட்டாயக் கடமை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரிவாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளோடு நடப்பவர் அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம் (புகாரீ, முஸ்லிம்). உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றிக் கொடுப்பதைக்கூட அவர்கள் தடுத்தார்கள். உடன்பிறந்த சகோதரனை நோக்கி விளையாட்டாக இரும்பை நீட்டினாலும் வானவர்கள் சபிப்பதாகச் சொன்னார்கள். இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஆயுதம் யார் வரும்போது எடுக்கப்படும் என்பது நம் கையில் இல்லை. திருடனுக்காக வாங்கிய அரிவாள், சொத்துப் பிரிக்கும் நாளில் தம்பி வரும்போதும் அதே கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். தகராறு என்று அந்த அறிக்கை எழுதும் 9,962-க்குள் இப்படி எடுக்கப்பட்ட வீட்டு அரிவாள்கள் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல யாரால் முடியும்? நல்ல தாழ்ப்பாள், வாசலில் ஒரு விளக்கு, பக்கத்து வீட்டார் எண், 112. அந்தத் தந்தைக்கு நாம் சொன்னது இவ்வளவே. அவர் ஏற்றுக்கொண்டார்.

இனி இரண்டாவது கேள்வி.

2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் மதுரையில் நடந்ததை நாற்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க முடியாது. பிரிந்து வாழ்ந்த கணவன் குடிபோதையில் வந்து, பெற்ற மகளிடமே தகாத முறையில் நடக்க முயன்றான். தாய் கையில் கிடைத்த கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்தான். வழக்கமாக இத்தகைய வழக்கில் கைது, சிறை, பல ஆண்டு விசாரணை என்றுதான் போகும். அன்று மதுரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, இது தற்காப்பு உரிமைக்குள் வருவது என்று அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். நாடெங்கும் அது பேசப்பட்டது. செல்லூரின் டீக்கடைகளிலும் பேசினார்கள். நம் மிம்பர்களில் பேசியதாக நமக்கு நினைவில்லை. மகளின் மானத்தைக் காப்பது கட்டாயக் கடமை என்று மின்ஹாஜில் ஓதிக்கொடுத்தவர்கள்தாம் நாம்.

அந்த 100-ஆம் பிரிவுதான் இன்றைய 38. எதிராளியின் உயிர் போனாலும் குற்றமாகாத நிலைகளை அது வரிசைப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், உதவி கேட்க வழியின்றி அடைத்துவைத்தல், 2013-இல் சேர்க்கப்பட்ட அமில வீச்சு ஆகியவை அவற்றில் உள்ளன. தாக்குபவன் அந்நியனா, கணவனா, தகப்பனா, மாமனாரா என்று அந்தப் பிரிவு எங்குமே கேட்கவில்லை. பாலியல் வன்முறையின் வரையறையில் கணவனுக்கு இன்னும் ஒரு விலக்கை வைத்திருக்கிறார்கள், அது வேறு விவாதம். எலும்பை முறிப்பதும் பல்லை உடைப்பதும் கண்ணைக் குருடாக்குவதும் கொடுங்காயமே. அதில் கணவனுக்கு எந்த விலக்கும் இல்லை. கழுத்தை நெரிப்பவனின் நிக்காஹ் பதிவேட்டைச் சட்டம் புரட்டிப் பார்ப்பதில்லை. அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் நாம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவன் ஒருவனின் தாய் கையில் மாவுக்கட்டுடன் மதரஸா வாசலுக்கு வந்தார். பிள்ளையின் கட்டணம் பற்றிப் பேச வந்ததாகத்தான் சொன்னார். பேச்சு நீண்டபோது கண் கலங்கினார். நாம் அவரை அவருடைய மஹல்லாவின் பொறுப்பாளர்களிடம் அனுப்பினோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "ஸப்ரு செய்யும்மா, ஆண்பிள்ளை கோபம், போகப் போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைத்தார். அதற்கு முன்பும் பலமுறை அதே பதிலைக் கேட்டவர் அவர். அந்தப் பெரியவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. அனுப்பிவைத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று மறுநாள் பாடம் எடுக்கப் போனவர்கள் நாம்.

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் செய்தியை அபூதாவூதில் நாமே ஓதியிருக்கிறோம். ஃபஜ்ருத் தொழுகைக்காக நபி (ஸல்) அவர்கள் வெளியே வந்தபோது, இன்னும் விடியாத இருட்டில் ஒரு பெண் அவர்களின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். யார் என்று கேட்டார்கள். ஹபீபா என்றார். என்ன செய்தி என்று கேட்டார்கள். தம் கணவர் ஸாபித் இப்னு கைஸோடு இனித் தம்மால் வாழ இயலாது என்றார். ஸாபித் அவரை அடித்ததில் எலும்பு முறிந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. ஸாபித் சாதாரணமானவர் அல்லர், நபியவர்களின் சபையில் மதிப்பு மிக்க பேச்சாளர். அவரது மதிப்பைக் காக்க வேண்டுமென்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார்களா? மஹரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடுமாறு ஸாபிதிடம் சொன்னார்கள். ஹபீபா தம் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தார். இருட்டில் கிளம்பி வந்தவருக்குக் கிடைத்த தீர்ப்பில் ஸப்ரு என்ற சொல் இல்லை.

இங்கே சிலர் அந்நிஸா அத்தியாயத்தின் 34-ஆம் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வசனத்தை இறைவனிடமிருந்து பெற்ற தூதர் தம் வாழ்நாளில் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் கையால் அடித்ததில்லை என்று அவர்களின் துணைவியார் சாட்சி சொல்கிறார்கள் (முஸ்லிம்). கணவன்மாரைப் பற்றிப் புகார் கூறிப் பெண்கள் கூட்டமாக வந்தபோது, அத்தகைய ஆண்கள் உங்களில் சிறந்தவர்கள் அல்லர் என்று அறிவித்தார்கள் (அபூதாவூத்). அந்த வசனத்தை விளக்கிய இமாம்கள் காயம் ஏற்படலாகாது, முகத்தில் படலாகாது, எலும்புக்குத் தீங்கு நேரலாகாது என்று எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள். மாவுக்கட்டைப் பார்த்த பிறகும் இந்த வசனத்தைப் பேசுபவர், இறைவேதத்தைத் தன் குற்றத்துக்கு வக்கீலாக வைத்துக்கொள்கிறார்.

இன்னொரு வாதமும் வரும். இதையெல்லாம் வெளியில் எழுதினால் நம் சமுதாயத்தை இழிவுபடுத்தக் காத்திருப்பவர்களுக்கு அவல் கிடைத்ததுபோல் ஆகும் என்பார்கள். காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நம் பெண்கள்மீது திடீர்ப் பரிவு காட்டும் அவர்களின் நோக்கமும் நமக்குத் தெரியும். மேலே சொன்ன எண்கள் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவை, எவரும் எவரையும் நோக்கி விரல் நீட்ட இடமில்லை. அவர்களின் வாய்க்குப் பயந்து நம் மகளின் கழுத்தை எவன் கையிலோ விட்டுவைப்பது எந்த மானத்தைக் காப்பது? மானம் என்ற பெயரில் சொந்த மகளையும் சகோதரியையும் வெட்டிவிட்டுத் தற்காப்புப் போலப் பேசுபவர்களையும் இந்தத் தென்மாவட்டங்களில் பார்க்கிறோம். தம் மனைவியுடன் வேறொருவனைக் கண்டால் வாளால் வெட்டுவேன் என்று ரோஷத்தோடு பேசிய ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள், நான்கு சாட்சிகள் வரும்வரை விட்டுவைக்க வேண்டுமா என்று கேட்டபோது, ஆம் என்றே பதில் பெற்றார். ரோஷம் கொலைக்கு உரிமம் ஆகாது.

"அப்படியானால் மனைவிமாரைக் கணவனைக் கொல்லத் தூண்டுகிறீர்களா, ஹஜ்ரத்?" என்று ஒரு சகோதரர் நேரிலேயே கேட்டார். இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

தற்காப்புச் சட்டம் கடைசி நொடிக்கான சட்டம். கை ஓங்கியிருக்கும்போது அது உண்டு, கை இறங்கிய பின் இல்லை. பத்தாண்டுகள் அடிபட்ட பெண், ஒரு நாள் தாங்க இயலாமல், குடித்துவிட்டு உறங்கும் கணவனின் தலையில் அம்மிக்குழவியைப் போட்டுவிட்டால், அந்தப் பிரிவு அவரைக் காக்காது. அந்த நேரத்தில் ஆபத்து இல்லை என்று சட்டம் சொல்லும். வாய்ப்பு இருந்தால் கொலையைவிடக் குறைந்த குற்றமாகக் கருதுவார்கள், ஆனாலும் சிறை உண்டு. பிள்ளைகள் அநாதைகள். உண்மையிலேயே தற்காத்துக்கொண்டவரும் அதை நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை அவர்மீதே வைக்கிறது. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும். ஆனால் அதற்கும் வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். 2012-இல் மதுரையில் ஓர் அதிகாரி எடுத்த முடிவு எல்லாக் காவல் நிலையத்திலும் கிடைத்துவிடாது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒன்பது முறை நம் ஜமாஅத்தின் வாசலுக்கு வந்த பெண்ணை ஒன்பது முறையும் நாம் திருப்பி அனுப்புகிறோம். அந்த ஒன்பது முறையும் அவருக்குச் சட்டத்தில் வழி இருந்தது, ஷரீஅத்தில் வழி இருந்தது. பத்தாவது முறை அவர் வரமாட்டார். ஒன்று, அவரது ஜனாஸா வரும். அல்லது கணவனின் ஜனாஸா வரும், அவரைக் காவல்துறை அழைத்துச் செல்லும். இரண்டில் எது நேர்ந்தாலும் நாம் அஸ்ஸலாத்து ஜாமிஆ என்று அறிவித்துவிட்டு, தக்தீர் என்று சொல்லிக் கலைந்துபோவோம். கொலைக்குத் தூண்டுகிறீர்களா என்று கேட்ட அந்தச் சகோதரரிடம், தூண்டுபவர் யார் என்று திருப்பிக் கேட்டோம்.

கை ஓங்குவதற்கு வெகு முன்னரே திறந்திருக்கும் கதவுகளை நம் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்தால் வழக்கமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை நாளைக் குறிக்க வேண்டும். அடிக்காதே, நெருங்காதே என்று ஆணை பெறலாம். கணவன் பெயரில் இருந்தாலும் அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம். எங்கே போவேன் என்று அழுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. 181 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்றால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் போதும், அல்லது 15100-ஐ அழைக்கலாம். திருமணத்தையே முடித்துக்கொள்ள வேண்டுமானால் குலா உண்டு. கணவன் மறுத்தால் ஃபஸ்ஹு உண்டு. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் கணவனின் கொடுமையைப் பிரிவுக்கான காரணமாகத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. அது உலமாக்களின் முயற்சியோடு வந்த சட்டம், எவரும் நம்மீது திணித்ததன்று.

மஹல்லாக்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புகாரோடு வரும் பெண்ணின் பேச்சைக் கணவனின் பேச்சுக்கு முன்பாக, அவன் இல்லாத இடத்தில், இன்னொரு பெண்ணை உடன்வைத்துக்கொண்டு கேளுங்கள். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே எழுதப்படும் காயச் சான்றுதான் பின்னாளில் அவரது நாவாகப் பேசும். நடந்ததைத் தேதியோடு ஜமாஅத் ஏட்டில் எழுதுங்கள். சமாதானம் பேசுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அடித்தவன் இரண்டாம் முறையும் அடித்தால் மூன்றாவது சமாதானக் கூட்டம் போடாதீர்கள். அவனுக்கு மறுமணத்துக்குப் பெண் கேட்டு வந்தால், ஏட்டில் உள்ளதைப் பெண் வீட்டாரிடம் சொல்லுங்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை அபூ ஜஹ்ம் பெண் கேட்டபோது, அவர் தோளிலிருந்து தடியைக் கீழே வைக்காதவர் என்று நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள் (முஸ்லிம்). அது புறம் பேசுவதாகாது என்று நமக்கு நாமே தினமும் ஓதிக்கொள்ள வேண்டும். பெண்ணின் நிறத்தையும் நகையையும் விசாரிக்கும் நாம், மாப்பிள்ளையின் கையை விசாரிப்பதில்லை.

பின்வரிசை மாணவனுக்கு அடுத்த வகுப்பில் பதில் சொன்னோம். அவனை மட்டும் தனியே அழைக்கவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்குமாகவே சொன்னோம். அநியாயம் செய்பவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். அவன் கையைப் பிடித்து அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பதில் வந்தது (புகாரீ). அத்தாவைத் தடுப்பது அத்தாவுக்கு மாறு செய்வதாகாது என்றோம். நீங்கள் சிறுவர்கள், கையைப் பிடிக்கும் வலு உங்களுக்கு இல்லை. குறுக்கே போய் நிற்காதீர்கள், எந்த ஆயுதத்தையும் தொடாதீர்கள். வெளியே ஓடிவந்து சத்தம் போடுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 1098-க்கோ 112-க்கோ பேசுங்கள். எதுவும் முடியாவிட்டால் எந்த நேரமானாலும் மதரஸாவுக்கு வாருங்கள் என்று சொல்லி, நம் வீட்டு எண்ணைக் கரும்பலகையில் எழுதினோம்.

அவன் அதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுதிக்கொண்டார்கள்.